பால் ஏன் திரிந்தது? பச்சை மஞ்சள் விழுது: கேள்வி பதில்

தை பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்படி, கரண்டி, நகக்கண் எல்லாம் மஞ்சள்தான். கோபிச்செட்டிபாளையம் பக்கம் மஞ்சள் வைக்கிற குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு 26 வருடம் ஆகிறது. பச்சை மஞ்சளை இஞ்சி, மிளகு, எண்ணெயோடு வேகவைத்து விழுதாக எடுத்து வைப்பேன் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அதிலிருந்து கேள்வி மேல் கேள்வி. தெரிந்ததைச் சொல்கிறேன். நான் சமைக்கிறவள், வைத்தியர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி (மதுரை): அக்கா, பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்து அப்படியே கிடக்கிறது. அதில் விழுது போடலாமா?

பதில்: தாராளமாகப் போடலாம். கொத்தாக விற்பது பெரும்பாலும் முழுசாக முற்றும் முன்னே பிடுங்கிய செடி. கிழங்கில் தண்ணீர் அதிகம், நிறம் சற்று வெளிறியிருக்கும். அதனால் கொஞ்சம் கூடுதல் நேரம் வேக வேண்டும், அவ்வளவுதான். ஒரு கொத்தில் ஒரு கைப்பிடிதான் தேறும், அக்கம்பக்கத்தில் சும்மா கிடப்பதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாசி, பங்குனியில் சந்தைக்கு வரும் முற்றின விரலி மஞ்சள் இன்னும் நன்றாக இருக்கும். இலையையும் வீசாதீர்கள். மங்களூர் பக்கம் மஞ்சள் இலையில் அரிசி மாவைத் தடவி, தேங்காய் வெல்லப் பூரணம் வைத்து மடித்து அவிப்பார்கள். அந்த வாசனைக்காகவே ஒரு தடவை செய்து பார்க்கலாம்.

கேள்வி (திருச்சி): அளவு, செய்முறை இரண்டையும் விவரமாகச் சொல்லுங்கள். நான் இப்போதுதான் சமைக்கக் கற்றுக்கொள்கிறேன்.

பதில்: சரி, நிதானமாகவே சொல்கிறேன். பச்சை மஞ்சள் 250 கிராம், இஞ்சி 50 கிராம், எண்ணெய் 75 மில்லி, மிளகு 2 தேக்கரண்டி, கல் உப்பு 1 தேக்கரண்டி, தண்ணீர் அரை டம்ளர்.

மஞ்சளை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப் போடுங்கள். கணுவில் ஒட்டியிருக்கும் மண் இளகும், தேங்காய் நாரால் தேய்த்தால் போய்விடும். தோலைக் கத்தியால் சீவ வேண்டாம், பாதி மஞ்சள் அதோடு போய்விடும். கரண்டி விளிம்பால் சுரண்டினால் போதும். அதற்கு முன் கையில் நாலு சொட்டு எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நாலு நாளைக்கு உங்கள் விரலே உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

மஞ்சளையும் இஞ்சியையும் குறுக்குவாட்டில் மெல்லிய வில்லைகளாக நறுக்கி, தண்ணீர் விட்டு மையாக அரைக்க வேண்டும். நீளமாக நறுக்கினால் நார் நாராகச் சிக்கும். அடிகனமான சட்டியில் பாதி எண்ணெய் விட்டு, சூடானதும் விழுதையும் உப்பையும் போட்டுச் சிறு தீயில் கிளறுங்கள். முதலில் 'பொளக் பொளக்' என்று தெறிக்கும், தள்ளி நில்லுங்கள். ஆரம்பத்தில் ஈர மண் வாடை, அப்புறம் கசப்பான ஒரு பச்சை வாடை. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அது அடங்கி, கேரட்டும் இஞ்சியும் சேர்ந்து வெந்த மாதிரி லேசாக இனிக்கிற வாசனை வரும். கரண்டியால் ஒரு கோடு இழுத்தால் சட்டியின் அடி தெரிந்து, மெதுவாகத்தான் மூட வேண்டும். ஓரத்தில் எண்ணெய் கசியும். அதுதான் பதம். அடுப்பை அணைத்துவிட்டு மீதி எண்ணெயையும் புதிதாகப் பொடித்த மிளகையும் போட்டுக் கலந்துவிடுங்கள். மிளகை முதலிலேயே போட்டால் காரம் நிற்கும், வாசனை பறந்துவிடும்.

கேள்வி (சென்னை): நேற்று இரவு மஞ்சள் பால் போட்டேன், திரிந்துவிட்டது. பால் அன்றைக்கு வாங்கியதுதான். விழுதை வேகவைக்கவில்லை, அரைத்து அப்படியே போட்டேன். அதுதான் காரணமா?

பதில்: அதேதான். இஞ்சியில் பாலைத் திரிக்கிற நொதி ஒன்று இருக்கிறது. பச்சையாகப் போட்டால் பாலில் வேலையைக் காட்டும், வெந்துவிட்டால் செத்துவிடும். சீனாவில் குவாங்டாங் பக்கம் இதையே வித்தையாக்கி, இஞ்சிச் சாற்றில் சூடான பாலை ஊற்றித் தயிர் மாதிரி உறைய வைத்து இனிப்பாகச் சாப்பிடுகிறார்கள். உங்களுக்கு நடந்தது விபத்து, அவர்களுக்கு அது பலகாரம்!

இன்னொரு காரணமும் இருக்கலாம். வெல்லமோ கருப்பட்டியோ போட்டுக் கொதிக்க விட்டீர்களா? அதிலும் பால் திரியும். பாலைக் காய்ச்சி, கால் தேக்கரண்டி விழுது போட்டு ஒரு கொதி விட்டு, இறக்கிச் சற்று ஆறிய பிறகு இனிப்பைச் சேருங்கள்.

கேள்வி (பெங்களூரு): மிளகு சேர்த்தால் மஞ்சளின் சத்து 20 மடங்கு உடம்பில் சேரும் என்கிறார்களே, உண்மையா? எண்ணெய் கட்டாயமா?

பதில்: அந்தக் கணக்கு உங்கள் ஊரிலிருந்து வந்ததுதான். 1998-ல் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் வெளியிட்ட ஆய்வு. மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த குர்குமின் 2 கிராமோடு, மிளகின் காரச்சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துச் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் சேர்ந்தது சுமார் 20 மடங்கு கூடியது, அதுவும் முதல் ஒரு மணி நேரத்துக்குள். 20 மில்லிகிராம் பைப்பரின் என்பது ஏழெட்டு மிளகில் இருப்பது. ஆனால் 2 கிராம் குர்குமின்? சாதாரண மஞ்சள் தூளில் நூற்றுக்கு 3 பங்குதான் குர்குமின். நீங்கள் அறுபது எழுபது கிராம் தூள் தின்ன வேண்டும். ஆகவே அந்த ஆய்வு வேறு, நம் ரசம் வேறு. மிளகு போட வேண்டாம் என்று சொல்லவில்லை. என் மாமியார் எந்த ஆய்வும் படிக்காமல் பாலில் நாலு மிளகைத் தட்டிப் போட்டுத்தான் கொடுப்பார். தொண்டைக்கு அவ்வளவு இதம்.

எண்ணெய் வேண்டும். குர்குமின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். தாளித்த எண்ணெயில் மஞ்சள் போட்டதும் நிறம் எப்படிப் பரவுகிறது என்று பார்த்திருப்பீர்களே. நல்லெண்ணெயா தேங்காயெண்ணெயா என்பது உங்கள் நாக்கின் விருப்பம். குழம்புக்கு நல்லெண்ணெய், பாலுக்குத் தேங்காயெண்ணெய் என்று நான் இரண்டு ஜாடி போடுவேன்.

கேள்வி (துபாய்): இங்கே எனக்குப் பச்சை மஞ்சள் கிடைப்பதே குதிரைக்கொம்பு. தூளில் செய்யலாமா? கலப்படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: செய்யலாம். அரை டம்ளர் தூளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர். சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் கிளறினால் களி மாதிரி திரளும். இறுகினால் இன்னும் கொஞ்சம் தண்ணீர். இறக்கி 70 மில்லி எண்ணெயும் ஒன்றரைத் தேக்கரண்டி மிளகுத்தூளும். இதன் மணம் பச்சை மஞ்சளுக்கு வராது, ஆனால் வேலைக்கு ஆகும்.

கலப்படத்துக்கு வீட்டுச் சோதனை ஒன்று உண்டு. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு தேக்கரண்டி தூளை மேலே போட்டுக் கலக்காமல் விடுங்கள். நல்ல தூள் அடியில் போய்ப் படியும், தண்ணீர் வெளிறிய மஞ்சளாக இருக்கும். சாயம் ஏற்றிய தூள் இறங்கும்போதே தண்ணீரைப் பளீர் மஞ்சளாக்கும். ஆனால் நிறம் தூக்கலாகத் தெரிய ஈயக் குரோமேட் என்ற நச்சுச் சாயத்தைச் சேர்க்கிற கொடுமையும் சில இடங்களில் நடந்திருக்கிறது. அதை இந்தச் சோதனையை நம்பி விட்டுவிட முடியாது, ஆய்வகத்தில்தான் உறுதியாகத் தெரியும். முழு மஞ்சளாக வாங்கி அரைத்துக்கொள்வது நல்லது. அதிலும் அளவுக்கு மீறிப் பளபளக்கும் மஞ்சளை வாங்காதீர்கள்.

கேள்வி (சேலம்): அம்மா, ஊறுகாய் மாதிரி மேலே எண்ணெய் நிற்கும்படி ஊற்றி வெளியிலேயே வைக்கலாம்தானே?

பதில்: கூடாது கண்ணு. இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். இரண்டாவது வருடமோ என்னவோ, நாத்தனாருக்கு ஒரு பாட்டில் கொடுத்து "எண்ணெய் நிற்கிறது, ஒன்றும் ஆகாது" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் மூடியைத் திறந்தால் சோடா பாட்டில் மாதிரி 'புஸ்' என்று சத்தம். நல்லவேளை, முகர்ந்து பார்த்துவிட்டுக் கொட்டிவிட்டார்.

ஊறுகாயைக் காப்பது அதன் புளிப்பும் உப்பும். இந்த விழுதில் இரண்டுமே போதாது. மண்ணுக்கடியில் விளைகிற கிழங்கில் காற்றில்லாமல் வளரும் கிருமியின் விதை ஒட்டியிருக்கும், நாம் கொதிக்க வைக்கிற சூட்டுக்கு அது சாகாது. மேலே எண்ணெய் ஊற்றினால் அதற்கு வேண்டிய காற்றில்லாத இடத்தை நாமே அமைத்துக் கொடுக்கிறோம். அது விடும் நஞ்சுக்கு வாடையும் கிடையாது. அதனால் ஆறியதும் ஃபிரிட்ஜ்தான். இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மீதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளைப் பையில் போட்டு ஃபிரீசரில் வைத்தால் மூன்று நாலு மாதம் நிற்கும். ஈரக் கரண்டி போடக் கூடாது. பூஞ்சை பிடித்தால் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடுகிற வேலையும் கூடாது, முழுசாகக் கொட்டிவிடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): சீக்கிரம் வேகட்டும் என்று ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டேன். விழுது செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டது! கெட்டுப்போச்சா?

பதில்: கெடவில்லை. ஆலம் கரைத்துவிட்டீர்கள்! மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்குமே, அதே கதைதான். சோடா, சுண்ணாம்பின் காரத்தன்மை பட்டால் குர்குமின் சிவக்கும். நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் மஞ்சள் திரும்பும். ஆனால் சோடா ருசி போகாது. அடுத்த தடவை போடாதீர்கள்.

கேள்வி (கோவை): அப்பாவுக்கு இதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போகிறது. தினமும் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி விழுது கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? அத்தையோ சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடப் போவதாகச் சொல்கிறார்.

பதில்: அப்பாவுக்குக் கொடுக்காதீர்கள். குழம்பில் போடுகிற மஞ்சள் வழக்கம்போல இருக்கட்டும். கரண்டி கரண்டியாக மிளகோடு விழுங்குவது வேறு விஷயம், அந்த மாத்திரையின் வேலையைக் கூட்டிவிடலாம். மிளகு மற்ற மாத்திரைகளும் உடம்பில் அதிகம் சேரும்படி செய்யக்கூடியது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அவருக்கு ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை) பார்க்கிற மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான். பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கும் இதுவேதான் பதில். அத்தையிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்: மாத்திரையை நிறுத்தக் கூடாது.

பயமுறுத்தவில்லை, ஒரு கணக்கு சொல்கிறேன். என் விழுது ஒரு தேக்கரண்டியில் குர்குமின் தோராயமாக 20 மில்லிகிராம் வரும். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் வரை சரி என்கிறது. 60 கிலோ ஆளுக்கு 180. சமையலில் நாம் அதன் பக்கத்திலேயே போவதில்லை. கடையில் விற்கும் குர்குமின் மாத்திரைகளில் ஒன்றிலேயே 500 மில்லிகிராம் இருக்கும். பைப்பரின் சேர்த்த அப்படிப்பட்ட மாத்திரைகளைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவாகியிருக்கிறார்கள். சமையலறையை விட்டு வெளியே போனதும் மஞ்சள் வேறு பொருளாகிவிடுகிறது.

கேள்வி (யாழ்ப்பாணம்): 2019 கடைசியில் இங்கே மஞ்சள் இறக்குமதியை நிறுத்தி, விலை எங்கேயோ போனபோது வளவுக்குள் நட்டோம் அக்கா. இப்போது வருசா வருசம் விளையுது. விழுது போட்டும் மிச்சம். என்ன செய்யலாம்?

பதில்: அந்தச் சமயம் ராமேசுவரம் கரையில் மூட்டை மூட்டையாகக் கடத்தல் மஞ்சள் பிடித்தார்கள் என்று செய்தி வந்தபோது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வந்தது. மிச்சத்தை அவித்துக் காயப்போடுங்கள். கிழங்கு மூழ்கத் தண்ணீர் விட்டு முக்கால் மணி நேரம் அவித்தால் நுரை கட்டி மஞ்சள் மணக்க ஆவி வரும். ஈர்க்குச்சி லேசாக உள்ளே இறங்க வேண்டும். அப்புறம் வெயிலில் பத்துப் பதினைந்து நாள். ஒடித்தால் 'டக்' என்று உலோகச் சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது. 5 கிலோ பச்சைக்கு ஒரு கிலோ தேறும். விதைக்குக் கொஞ்சம் நிழலில் மணலுக்குள் எடுத்து வையுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): மீனுக்கு எப்படிப் போடுவது? தூளுக்கு இது எவ்வளவு சமம்?

பதில்: ஒரு தேக்கரண்டி விழுது கால் தேக்கரண்டி தூளுக்குச் சமம். அரைக் கிலோ மீனுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி விழுது, உப்பு, எலுமிச்சை, மிளகாய்த்தூள் தடவி 20 நிமிடம். விழுதிலேயே எண்ணெய் இருப்பதால் மசாலா உதிராமல் ஒட்டும். மத்தி மீனில் போட்டுப் பாருங்கள், நீங்களே எனக்கு எழுதுவீர்கள். ரசத்தில் தாளிக்கும்போது கால் தேக்கரண்டி. தேங்காய்ப்பால் சொதிக்கு வேண்டாம், கசப்பு தெரியும். தயிர் சாதத்துக்குக் கட்டாயம் வேண்டாம்!

கேள்வி (வேலூர்): முகத்துக்குப் பூசலாமா?

பதில்: மிளகும் இஞ்சியும் இருக்கிறதே அம்மிணி, எரிந்து தீர்ந்துவிடும். முகத்துக்குக் கஸ்தூரி மஞ்சள். அது வேறு இனம், அதைக் குழம்பில் போடாதீர்கள்.

கேள்வி (ஓசூர்): மேகாலயாவின் லகடாங் மஞ்சளில் சத்து இரண்டு மடங்கு என்று விலை அதிகம் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: ஜெயிந்தியா மலையில் விளைவது. குர்குமின் நூற்றுக்கு ஏழு வரை இருக்கும், அது உண்மைதான். நிறம் ஆளை அடிக்கும், அளவைப் பாதியாகக் குறைத்துப் போடுங்கள். ஆனால் 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஈரோட்டு மஞ்சளை விட்டுவிட்டு அதை வாங்கச் சொல்ல எனக்கு வாய் வராது. குழம்பு மணக்க இது போதும்.

கேள்வி (புதுச்சேரி): மிக்ஸி மூடி, துணி, நகம் எல்லாம் மஞ்சளாகிவிட்டது. சோப்புப் போட்டால் சிவக்கிறது. என்ன வழி?

பதில்: சிவந்ததைப் பார்த்துப் பயப்படாதீர்கள், மேலே சொன்ன ஆப்பசோடா கதைதான், அலசினால் மாறும். நகத்தில் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். துணியையும் மூடியையும் கழுவி ஈரத்தோடு வெயிலில் போடுங்கள். மஞ்சள் சாயம் வெயில் தாங்காது, இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும். என் மிக்ஸி மூடி இப்போதும் மொட்டைமாடியில்தான் காய்கிறது.