ரிம்முக்கு நாமே பெயின்ட் அடிக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

பழைய வட ஆற்காடு முழுக்க கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி, இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலும் சக்கரம்தான். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

என் காருக்கு இரும்பு ரிம்தான். வீல் கப்பைக் கழற்றினால் உள்ளே ஒரே துரு. போன கோடையில் சில்வர் ஸ்பிரே கேன் வாங்கி மொட்டை மாடியில் வைத்து அடித்தேன், ஐப்பசி மழை முடிவதற்குள் பொருக்குப் பொருக்காக உரிந்துவிட்டது. மறுபடி நானே அடிக்கலாமா, கடையில் கொடுத்துவிடவா?
*வாசகர், காட்பாடி*

தாராளமாக நீங்களே அடிக்கலாம். வீட்டில் செய்து பழக இரும்பு ரிம்மை விடத் தோதான வேலை காரில் வேறு கிடையாது. ஆனால் உரிந்ததற்கு அந்தக் கேன் மேல் பழி போடாதீர்கள். பெயின்ட் எதன் மேல் உட்கார்ந்தது என்பதுதான் விஷயம். ரிம்மில் கண்ணுக்குத் தெரிவது துரு. தெரியாமல் இருப்பது பிரேக் தூள், கிரீஸ், அப்புறம் டயர் பளபளக்க வேண்டும் என்று தடவுகிற பாலிஷ். அந்தப் பாலிஷில் பெரும்பாலும் சிலிக்கான் இருக்கும், அது துளி இருந்தாலும் பெயின்ட் அந்த இடத்தில் பிடிக்காமல் வட்ட வட்டமாக விலகிக் குழி விழும்.

முதலில் பாத்திரம் கழுவும் லிக்விடும் பழைய டூத் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு நட்டு ஓட்டை ஓரம், காற்று ஓட்டை ஓரம், உள்பக்கம் எல்லாம் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்ததும் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள், துணியில் கறுப்பு ஏறுவது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் உப்புத்தாளைக் கையில் எடுக்கலாம். ரொம்பப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கிரீஸ் இருக்கும்போதே உப்புத்தாள் போட்டால் அழுக்கைக் கீறலுக்குள் தேய்த்து ஏற்றுவதாகத்தான் முடியும்.

துருவுக்கு வயர் பிரஷ், பிறகு 80 நம்பர் தாள், 180, கடைசியில் 320. பழைய பெயின்ட் கெட்டியாகப் பிடித்திருக்கும் இடத்தை அடியோடு எடுக்கத் தேவையில்லை, பளபளப்பு போய் மங்கினால் போதும். துரு எடுத்த இடமும் பழைய பெயின்ட்டும் சேரும் ஓரத்தில் விரல் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள், சின்னப் படி ஒன்று தட்டும். அது தட்டாமல் போகும்வரை தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே எத்தனை கோட் அடித்தாலும் வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். குழிக்குள் போய்விட்ட துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று கேட்டு வாங்குங்கள். அதில் ஒரு வகையில் டானிக் அமிலம் இருக்கும், அது துருவோடு சேர்ந்து கறுத்துவிடும். தோல் பதனிட அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை போட்டார்களே, அந்தப் பட்டையில் இருக்கும் டானினும் இதே இனம்தான், ராணிப்பேட்டை, ஆம்பூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று, நம் பக்கத்துப் போர் தண்ணீர். பல இடங்களில் உப்பு, கழுவிவிட்டு அப்படியே காயவிட்டால் வெள்ளைப் படிவு நிற்கும். அந்தப் படிவின் மேல் பிரைமர் அடித்தால் முதல் மழையிலேயே உப்பு ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கிளப்பும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது கேன் தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்றி உடனே துடைத்துவிடுங்கள். ஐப்பசியில் உரிந்ததற்கு எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

இரண்டாவது சந்தேகம் மொட்டை மாடி. கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர், வெயிலில் கிடக்கும் இரும்பு அதைவிட எவ்வளவோ அதிகம் சுடும். பெயின்ட் துளி ரிம்மில் விழும்போதே காய்ந்துபோய், பரவாமல் சொரசொரவென்று நிற்கும், பிடிப்பும் இருக்காது. தை, மாசி மாதங்கள்தான் நமக்கு உகந்தவை. கோடை லீவை விட்டால் வேறு நேரமே கிடையாது என்றால், விடிந்ததும் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் நிழலில் முடித்துவிடுங்கள். ஒரு சாண் தூரத்தில் கேனைப் பிடித்து, கை நிற்காமல், முதல் கோட்டை அடித்தும் அடிக்காததுமாக விடுங்கள். பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு அடுத்தது. மூன்று நான்கு மெல்லிய கோட் போதும். மறுநாள் மாட்டலாம், பிரஷர் வாஷ் மட்டும் ஒரு வாரத்துக்கு வேண்டாம்.

அண்ணே, ரெட் ஆக்சைடு அடித்து ஒரு நாள் காயவிட்டு, அதன் மேல் கறுப்பு லேக்கர் அடித்தேன். பாலாடை மாதிரி சுருங்கிக்கொண்டது. கடைக்காரர் போலிச் சரக்கு கொடுத்துவிட்டாரா?
*வாசகர், குடியாத்தம்*

சரக்கு நல்ல சரக்காகவே இருக்கும் தம்பி, சேர்க்கைதான் ஒத்துப்போகவில்லை. கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கிற ரெட் ஆக்சைடு எனாமல் ஜாதி. டர்பன்டைனில் கரையும், நாள் கணக்கில் மெதுவாக இறுகும். லேக்கரில் இருப்பது என்சி, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டுக்கான தின்னர், அதற்கு வீரியம் அதிகம். அரைகுறையாக இறுகிய ரெட் ஆக்சைடுக்குள் அது இறங்கியதும் கீழ்ப்படலம் ஊதி எழும்பிச் சுருங்கிவிடும். எனாமல் பிரைமர் மேல் எனாமல், லேக்கர் பிரைமர் மேல் லேக்கர், இந்த ஒரு வரியை மறக்காதே. மேலே எனாமல் அடித்தாலும் லேக்கர் அடித்தாலும் தாங்கும் எபாக்சி பிரைமர் இருக்கிறது, விலை கூடுதல், இரும்புக்கு அதைவிடக் காவல் இல்லை. இப்போது சுருங்கியதை மேலே அடித்து மூடப் பார்க்காதே, முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

அலாய் வீலில் வார்னிஷுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்த மாதிரி கோடுகள். பழைய பெயின்ட்டை எடுக்கக் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
*வாசகி, ஆம்பூர்*

கூடவே கூடாது அம்மா. அலாய் என்பது அலுமினியம், காஸ்டிக் சோடா அலுமினியத்தையே தின்னும், கூடவே ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். பெயின்ட் போகிறதோ இல்லையோ, வீல் போய்விடும். பாத்ரூம் ஆசிட்டும் அதே மாதிரிதான். பெயின்ட் ரிமூவர் வாங்கும்போது அலுமினியத்துக்கு ஆகும் என்று டப்பாவில் போட்டிருக்கிறதா பாருங்கள், கையுறை போட்டுக்கொண்டு திறந்தவெளியில் தடவுங்கள்.

அந்தப் புழுக் கோடு, கல் பட்ட சின்னக் கீறல் வழியாக ஈரமும் உப்பும் இறங்கி வார்னிஷுக்கு அடியில் அலுமினியம் அரித்ததால் வந்தது. கோடு தெரிகிற இடத்தைத் தாண்டியும் அரிப்பு ஓடியிருக்கும், அதனால் பளிச்சென்ற உலோகம் வரும்வரை தேய்த்துவிடுங்கள். வெறும் அலுமினியத்தில் சாதாரணப் பிரைமர் நிற்காது, உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கிற எட்ச் பிரைமர்தான் நிற்கும். அதற்கு முன்பே, தேய்த்த உலோகத்தின் மேலேயே அலுமினியத் தூள் கலந்த பட்டியால் உரசல் குழிகளை நிரப்பித் தேய்த்துவிட வேண்டும், பட்டியை எட்ச் பிரைமர் மேல் போடக்கூடாது. பிறகு எட்ச் பிரைமர், அது காய்ந்ததும் 400, 600 வாட்டர் பேப்பர் லேசாகப் போட்டு, அதன் பிறகு சில்வர், கடைசியில் கிளியர் கோட். முகப்பு கண்ணாடி மாதிரி கடைந்து எடுத்த டைமண்ட் கட் வீல் என்றால் அந்தப் பளபளப்பு வீட்டில் வராது, அதற்கு லேத் வேண்டும். முழுக்க ஒரே நிறம் அடிப்பதாக இருந்தால் சரி.

தேய்க்கும்போது விரிசல் கண்ணில் பட்டால் பெயின்ட் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெல்டிங் வைத்துப் பட்டி போட்டு மறைத்து ஓட்டுகிற வீலை நம்பிப் பிள்ளைகளை ஏற்ற முடியாது.

டயரைக் கழற்றாமலே அடிக்க முடியுமா?
*வாசகர், வாலாஜா*

முடியும். காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டுக்கட்டு அளவில் வெட்டி, ரிம் விளிம்புக்கும் டயருக்கும் இடையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி சுற்றிச் சொருகிவிடுங்கள். பத்திரிகை அட்டை கெட்டி, வழவழப்பு, எளிதில் ஊறாது. வால்வுக்கு டேப். ஆனால் வீலைக் காரிலேயே வைத்துக்கொண்டு அடிக்காதீர்கள், பிரேக் டிஸ்கில் பெயின்ட் படக்கூடாது. விளிம்பு வழியாக டியூப்லெஸ் டயரில் காற்று மெதுவாக இறங்குகிறது என்றால் மட்டும் பஞ்சர் கடையில் டயரைக் கழற்றித்தான் ஆக வேண்டும், டயர் உட்காரும் இடத்தில் அரிப்பு இருக்கும். அதைச் சுத்தம் செய்து மெல்லிய ஒரு கோட்டோடு விட்டுவிடுங்கள்.

நாலு வீலையும் அழகாக அடித்து மாட்டினேன். பெங்களூர் ரோட்டில் 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது. இறங்கிப் பார்த்தால் இரண்டு நட்டு லூஸ்.
*வாசகர், ஆற்காடு*

இந்தக் கடிதத்தைப் படித்ததும் பதறிவிட்டேன். தயவுசெய்து இப்போதே நாலு வீலையும் கழற்றி இரண்டு இடங்களைப் பாருங்கள்: நட்டு உட்காரும் கூம்பு வடிவப் பள்ளம், வீலின் முதுகில் ஹப்போடு ஒட்டும் தட்டையான முகம். இரண்டிலும் பெயின்ட் இருக்கக்கூடாது. அங்கே தடிமனாகப் பெயின்ட் இருந்தால், நட்டு எவ்வளவு இறுகினாலும் அந்தப் படலம் ஓட்டத்தில் நசுங்கித் தேய்ந்துபோகும், இறுக்கமும் கூடவே போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் வீல் கழன்று போவது இப்படித்தான் ஆரம்பிக்கிறது. சுரண்டி உலோகத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, நட்டுகளை நேர் எதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். லூஸான நட்டோடு ஓடியதால் போல்ட் மரையும் நட்டு ஓட்டையும் அடிபட்டிருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். நட்டு இறுக்கத்தின் அளவு சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர்வரை சொல்லியிருப்பார்கள், உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பதுதான் கணக்கு. வேலூருக்கு ஒரு தடவை மெதுவாகப் போய் வந்து, மறுபடி இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.

உதறலுக்குப் பேலன்சிங் எடையும் காரணமாக இருக்கலாம். தேய்க்கும்போது அந்த ஈயத் துண்டு எங்கேயாவது விழுந்திருக்கும். அலைன்மென்ட் கடையில் பேலன்சிங் மட்டும் போடச் சொல்லுங்கள்.

நண்பரிடம் கம்ப்ரெசர் இருக்கிறது. ஹார்ட்னர் கலந்த பியு (பாலியூரித்தேன்) கிளியர் வீட்டிலேயே அடிக்கலாமா?
*வாசகர், சத்துவாச்சாரி*

வேண்டாம். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, அதன் புகையைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம், வந்தால் லேசில் விடாது. துணி முகமூடி, தூசி முகமூடி எதுவும் அதைத் தடுக்காது, வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் முகமூடி வேண்டும். கிளியரை மட்டும் பெயின்ட் பூத் உள்ள பட்டறையில் அடித்து வாங்குங்கள், இல்லையென்றால் ஹார்ட்னர் இல்லாத கேனே போதும்.

ரிம்முக்குக் கறுப்பு அடித்தால் நம்ம ஊர் வெயிலுக்கு டயர் வெடித்துவிடும் என்கிறார்களே?
*வாசகர், வேலூர்*

நிறத்தால் வெடிக்காது. டயரைச் சூடாக்குவது பெரும்பாலும் காற்று குறைந்து பக்கச்சுவர் மடங்கி மடங்கி ஓடுவதும், அதிக பாரமும், வேகமும்தான். காலையில் வண்டியை எடுக்கும் முன்பு, டயர் ஆறியிருக்கும்போது காற்றுப் பாருங்கள், அளவு டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். மதியம் சுங்கச்சாவடி தாண்டி நிறுத்திப் பார்த்து இரண்டு மூன்று பாயின்ட் ஏறியிருக்கிறதே என்று இறக்கிவிடாதீர்கள்.