வர்க்கமூலம் இல்லாமல் கர்ணம் கண்டுபிடிக்கலாமா?

செங்கோண முக்கோணத்தின் பக்கங்களையும் கர்ணத்தையும் (செங்கோணத்துக்கு எதிரே உள்ள சாய்ந்த பக்கம்) பற்றிக் கோலாலம்பூர் அன்பர்கள் கேட்டவையும் கணித ஆசிரியர் ஒருவரின் பதில்களும்.

செந்தூல்: சார், மகள் படிவம் 1. பைத்தகரஸ் தேற்றத்தை மனப்பாடமாகச் சொல்கிறாள். கணக்கில் மட்டும் பக்கங்கள் 6, 8 என்றால் இரண்டையும் கூட்டிக் கர்ணம் 14 என்று எழுதிவிடுகிறாள்.

பதில்: 14 என்பது இரண்டு பக்கத்தையும் சுற்றி நடக்கும் தூரம் அம்மா. குறுக்கே போனால் குறையத்தானே வேண்டும்? கட்டம் போட்ட தாளில் 3, 4 கட்டப் பக்கங்களோடு ஒரு முக்கோணம் வரையச் சொல்லுங்கள். பக்கங்களின் மேல் சதுரம் எழுப்பினால் 9 கட்டம், 16 கட்டம். சாய்ந்த பக்கத்துக்கு 5-க்கு 5 சதுரம் வெட்டி வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும்: 25. கூடுவது நீளமல்ல, பரப்பு. அதைப் பார்த்துவிட்டாள் என்றால் 36 + 64 = 100, விடை 10 என்று அவளே சொல்வாள்.

பிரிக்பீல்ட்ஸ்: ஐயா, வாட்ஸ்அப்பில் ஒரு தமிழ்ப் பாட்டு வந்தது. நீண்ட பக்கத்தை எட்டாக்கி ஒரு பங்கைத் தள்ளி, மீதியோடு சின்னப் பக்கத்தின் பாதியைச் சேர்த்தால் கர்ணமாம். பழங்காலக் கணித அறிஞர் போதாயனர் பாடியதாம். உண்மையா?

பதில்: போட்டே பார்ப்போம். 3, 4 என்றால் 3.5 + 1.5 = 5. சரி. 5, 12 என்றால் 10.5 + 2.5 = 13. அதுவும் சரி. இத்தோடு நிறுத்திக்கொள்வதால்தான் பலர் மயங்கிப்போகிறார்கள். 7, 24-க்கு 24.5 வரும், சரியான விடை 25. 1, 10-க்கு 9.25 வரும். கர்ணம் நீண்ட பக்கத்தைவிடக் குட்டையாக இருக்க முடியுமா?

பக்கங்கள் 3:4 அல்லது 5:12 விகிதத்தில் இருந்தால் மட்டுமே இந்த வழி துல்லியம். இருபடிச் சமன்பாடாக எழுதினால் இந்த இரண்டு விடைதான் கிடைக்கும்; படிவம் 4 பிள்ளைகள் செய்து பார்க்கலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட விகிதங்களில் பிழை ஒரு சதவீதத்துக்கும் குறைவு, ஆகவே மனக்கணக்குக்கு நல்ல உத்தி. ஆனால் தேற்றம் அல்ல. போதாயனரின் சுல்ப சூத்திரம், வேள்விப் பீடங்களை அளந்து அமைக்கும் முறையைச் சொல்லும் சமஸ்கிருத நூல். அது சொல்வது வேறு: செவ்வகத்தின் இரு பக்கங்கள் தனித்தனியே தரும் பரப்புகளை மூலைவிட்டம் ஒன்றே சேர்த்துத் தருகிறது. பெருமைப்பட வேண்டியது அதை நினைத்துத்தான். தயவுசெய்து அந்தப் பாட்டைத் தேற்றம் என்று பிள்ளைகளுக்கு அனுப்பாதீர்கள்.

கெப்போங்: அண்ணே, டைல்ஸ் ஒட்டுகிறேன். மூலை சரியா என்று 3-4-5 வைத்துத்தான் பார்ப்பேன். பெரிய ஹாலுக்கும் அதுவே போதுமா?

பதில்: 6-8-10 அடி வையுங்கள் தம்பி, இடமிருந்தால் 9-12-15. நீளம் கூடினால் டேப்பில் வரும் சின்னப் பிழை கோணத்தை அவ்வளவாகப் பாதிக்காது. குறுக்களவு 10 அடியைத் தாண்டினால் மூலை விரிந்திருக்கிறது; குறைந்தால் ஒடுங்கியிருக்கிறது.