முதலில் வசனம், பிறகு படம்: காமிக்ஸ் வரைகிறவர்களுக்கான கேள்வி பதில்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருந்து காமிக்ஸ் வரைய ஆரம்பித்திருக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்த மென்பொருள் வாங்கலாம் என்று மட்டும் கேட்டவர்களுக்கு ஒரு வரியில் பதில்: கிரிட்டா இலவசம், அதில் ஒரு கதையை முடித்துவிட்டு மற்றதை யோசிங்க.

பல்லடம்: அண்ணா, இப்போதைக்கு ஏ4 ஜெராக்ஸ் பேப்பர்ல ஜெல் பேனாவுல வரையறேனுங்க. பென்சிலை அழிச்சா கோடெல்லாம் சாம்பலாப் போயிருது. எந்தப் பேனா, எந்தப் பேப்பர் வாங்கட்டும்?

ஜெல் மை தாளின் மேலாகவே உட்கார்ந்திருக்கும். ரப்பர் தேய்க்கும்போது கூடவே உரிந்து வரும். பிக்மென்ட் மை உள்ள வாட்டர்ப்ரூஃப் ஃபைன்லைனர் வாங்குங்க. பிக்மா மைக்ரான் வரிசையில் 01 என்றால் 0.25 மி.மீ., 03 என்றால் 0.35, 05 என்றால் 0.45. இந்த மூன்று போதும். கருப்பு நிரப்ப 2ஆம் நம்பர் வட்டத் தூரிகையும் ஒரு புட்டி வாட்டர்ப்ரூஃப் டிராயிங் இங்க்கும். அந்த இங்க்கை ஃபவுன்டன் பேனாவில் ஊற்றிவிடாதீங்க, உள்ளேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். தொட்டு எழுதும் நிப்பு வாங்கினால், புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்காவிட்டால் இங்க் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும், கோடு இறங்காது.

ஜெராக்ஸ் தாள் 70, 75 ஜிஎஸ்எம்தான் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). தூரிகை பட்டதும் மை நாலு பக்கமும் ஊறும். 150க்கு மேல் உள்ள கேட்ரிட்ஜ் தாள், அதாவது படம் வரைகிற கெட்டித் தாள், கோவையில் நல்ல ஸ்டேஷனரிக் கடை எதிலும் ஷீட்டாகக் கிடைக்கும். வாங்கும் முன் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, கொஞ்சம் காயவிட்டு, ஈர விரலால் தேய்த்துப் பாருங்க. கலையாமலும் முடிமுடியாகப் பரவாமலும் இருந்தால் எடுத்துக்கலாம்.

பேனாவைவிட அளவுதான் முக்கியம். புத்தகம் ஏ5 (148 × 210 மி.மீ.) என்றால் ஏ4இல் வரைந்தால் 71 சதவீதமாகவும், ஏ3இல் வரைந்தால் சரிபாதியாகவும் சுருங்கும். ஏ3இல் 01 பேனாவால் போட்ட கோடு அச்சில் 0.125 மி.மீ. ஆகிவிடும். 0.1க்குக் கீழே போனால் கோடு அங்கங்கே அறுந்து தெரியும். அதனால் ஏ3இல் வரைகிறவர்களுக்கு 01ஐவிட மெல்லிய 005 பேனா வேண்டவே வேண்டாம்.

கோபிசெட்டிபாளையம்: படம் நல்லா வருதுங்க. ஆனா வசனம் வெச்சா மூஞ்சியெல்லாம் மறைஞ்சுக்குது. பலூனைச் சின்னதாக்கினா படிக்க முடியலை.

இந்த முறை அதிகம் பேர் கேட்டது இதுதான். கோளாறு பலூனில் கிடையாது, வேலை செய்யும் வரிசையில். படத்தை முடித்துவிட்டு வசனத்துக்கு இடம் தேடுகிறீங்க. தமிழ்ச் சொற்கள் நீளம், ஒரு வரிக்கு இரண்டு மூன்றுதான் உட்காரும். ஆங்கில காமிக்ஸைப் பார்த்துப் பழகிய கண் பலூனுக்கு விடுகிற இடம் நமக்குப் பத்தாது.

ரஃப் போடும்போதே வசனத்தை எழுதிவிடுங்க. உள்ளங்கை அளவுக்குப் பக்கத்தை வரைந்து, கட்டம் பிரித்து, ஆள் நிற்கிற இடத்தில் வெறும் குச்சி உருவம், பலூன் வருகிற இடத்தில் முட்டை வடிவம். இந்த நிலையில் ஒரு பக்கம் பத்து நிமிட வேலை, கிழித்துப்போட மனசு வரும். அடுத்து, முழு அளவுக் கட்டங்களைப் பென்சிலில் போட்டு, உருவம் வரைவதற்கு முன்னால் வசனத்தை நிஜமான அளவில் எழுதிப் பாருங்க. ஒரு பலூனுக்கு 12 சொல், மிஞ்சினால் 15. ஒரு கட்டத்துக்கு இரண்டு பலூன். முதலில் பேசுகிறவர் இடப்பக்கம் நிற்கட்டும், இல்லாவிட்டால் பலூன்களின் வால்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்.

எழுத்துருவும் ஒரு தொல்லை. தமிழில் மேலே 'கீ'யின் சுழி, கீழே 'பூ'வின் சுழி. வரி இடைவெளியை எழுத்தின் அளவைப்போல் 130 முதல் 140 சதவீதம் வைக்காவிட்டால் இரண்டும் மோதும். ஏ5 புத்தகத்தில் 9 பாயின்ட் வையுங்க, 8க்குக் கீழே போக வேண்டாம். சொல்லை உடைக்க நேர்ந்தால் அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. கையெழுத்துச் சாயலுக்குக் கவிவனார், கத்துகிற இடத்துக்குத் தடிமனான பலூ தம்பி. இரண்டும் திறந்த உரிமத்தில் இருப்பவை, விற்கிற புத்தகத்திலும் பயன்படுத்தலாம். 'கொ', 'கை' எல்லாம் கொம்பு இடம் மாறித் தெரிந்தால், அந்த மென்பொருளுக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். பழைய ஃபோட்டோஷாப் என்றால் டைப் அமைப்பில் உலக மொழிகளுக்கான லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்க. மற்றதற்கு, இங்க்ஸ்கேப்பில் தட்டச்சு செய்து பாத் ஆக (எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி எடுத்து வருவதே நிம்மதி. பிரஸ்ஸுக்கு அனுப்பும்போதும் எழுத்தைப் பாத் ஆக மாற்றியே அனுப்புங்க.

அதே கேள்விக்குத் துணைக்கேள்வி: கொங்குப் பேச்சை அப்படியே எழுதலாமுங்களா?

தாராளமாக. ஆனால் கதை தொடங்கும் முன் ஒரு தாளில் முடிவெடுத்துக்கொள்ளுங்க: 'வர்றனுங்க'வா, 'வரனுங்க'வா? ஒருத்தர் வாயில் ஒரே எழுத்துமுறைதான் வர வேண்டும். எல்லாரையும் 'ங்க' போட்டுப் பேசவிட்டால் யார் பெரியவர், யார் சின்னவர் என்றே தெரியாது. அப்பச்சி (தாத்தா) பேரனை 'ஏஞ்சாமி' என்பார், பேரன்தான் 'ங்க' போடுவான்.

காங்கேயம்: எங்கூர்க் காளையை நானே வரைஞ்சா ஏதோ வடநாட்டு மாடு மாதிரி இருக்குது. எங்கே தப்புங்க?

பெரும்பாலும் அலைதாடியில். கழுத்துக்கடியில் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டிருப்பீங்க. காங்கேயம் மாட்டுக்கு அது மெல்லிசு, நெஞ்செலும்போடு நின்றுவிடும். அடுத்தது திமில். முதுகு நடுவில் வரையக் கூடாது, முன்னங்காலுக்கு நேர் மேலே. கொம்பு வெளிப்பக்கமாக விரிந்து பின்னால் வளைந்து, நுனிகள் ஒன்றையொன்று நெருங்கும். முன்னிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட வட்டம் முடிகிற மாதிரி இருக்க வேண்டும்.

கருப்பு வெள்ளையில் வரைகிறவர்களுக்கு இந்த மாடு ஒரு கொடை. கன்று பிறக்கும்போது செம்மை, ஆறு மாத வாக்கில் சாம்பலுக்கு மாறும். பொலிகாளைக்குத் திமில், கழுத்து, முன்தொடை, பின்தொடை எல்லாம் கருத்து, நடு உடம்பு வெளுப்பாக நிற்கும். எங்கே கருப்பை அப்ப வேண்டும் என்று மாடே சொல்லிவிடுகிறது! காயடித்துவிட்டால் அந்தக் கருப்பு வெளிறிவிடும். ஆகவே வண்டி மாட்டுக்குக் கருந்திமில் போட்டால் ஊர்க்காரர் சிரிப்பார். நுகத்தடி திமிலுக்கு முன்னால், கழுத்தின் மேல். திமில் மேலேயே நுகம் வைத்த படங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

பார்த்து வரைய சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை. குதிரை வேண்டுமானால் ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை. ஒரு மாட்டுக்கு 30 விநாடிதான், அதற்குள் முதுகுக் கோடு, கால் நான்கு, தலை சாய்ந்த பக்கம். ஒரு மணி நேரம் இப்படி வரைந்த பிறகு ஒரே ஒரு மாட்டை நிதானமாக எடுங்க. மாட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருவது மரியாதை.

சென்னிமலை: அண்ணன்மார் கதையை காமிக்ஸா பண்ணலாம்னு இருக்கேன். யார்கிட்டயாவது உரிமை வாங்கணுமுங்களா? அந்தக் காலத்தை எப்படி வரையறது?

பொன்னர், சங்கர், தங்காள், சாம்புவன், கொம்பன் பன்றி என்று உடுக்கடிப் பாட்டில் வழிவழியாக வருகிற கதை எல்லாருக்கும் பொது. ஆனால் ஒருவர் அதை நாவலாகவோ மொழிபெயர்ப்பாகவோ எழுதியிருந்தால், அவர் சேர்த்த காட்சியும் வசனமும் அவருடையது. இந்தியாவில் எழுதியவர் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டு வரை உரிமை நிற்கும். மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் வட்டாரத்தில் ஒலிப்பதிவு செய்து, பின்னாளில் அனிமேஷன் தொடராகவும் கொண்டுவந்தார். அதன் உருவங்களைப் பார்த்து உங்கள் ஆட்களை வரையாதீங்க. பாட்டுக்காரர் ஒருவரிடம் நேரில் கேட்டு, குறிப்பெடுத்து, அவர் பெயரைப் புத்தகத்தில் போடுவது நல்ல வழி.

காலத்தை ஆயுதத்திலும் நகையிலும் தேடுவதற்கு முன், பின்னணியில் இருந்து தப்பானதை நீக்குங்க. மிளகாய், தக்காளி, நிலக்கடலை, மக்காச்சோளம், புகையிலை, மரவள்ளி எதுவும் 16ஆம் நூற்றாண்டுக்கு முன் இங்கே கிடையாது, எல்லாம் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தவை. வாசலில் மிளகாய் காய்ந்தால் கதை அங்கேயே பொய்த்துப்போகும். கம்பு, சோளம், ராகி, கொள்ளு வரையலாம். வேலிக்குச் சப்பாத்திக்கள்ளியும் ஆனைக்கத்தாழையும் கூடாது, சீமைக்கருவேலும் பிற்பாடு வந்ததுதான். கொறங்காட்டை (வேலியடைத்த மேய்ச்சல் காட்டை) போய்ப் பாருங்க: கிளுவை வேலி, நடுவே குடை விரித்த மாதிரி வெள்வேலம், கீழே கொழுக்கட்டைப் புல். இவ்வளவும் ஒரே கட்டத்தில் வந்தால் ஊர்ப்பெயர் எழுத வேண்டியதே இல்லை. கூரைக்கு ஓலை அல்லது நாட்டு ஓடு. தட்டையான சீமை ஓடு 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. கண்ணுக்கெட்டிய வரை தென்னந்தோப்பும் வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கம் அது அப்படிப் பெருகியது 1960களில் பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீர் வந்த பிறகு. பனை போடுங்க.

இன்னொன்று. இன்றைக்கும் சாமியாகக் கும்பிடுகிற கதை இது. எதிர்ப்பக்கத்து வேட்டுவர்களை அரக்கர் மாதிரிக் கோரைப்பல் வைத்து வரைவது சோம்பேறித்தனம். அந்தக் குலத்தவர் உங்கள் பக்கத்து வீதியிலேயே இருக்கிறார்கள், அவர்களும் வாங்கிப் படிப்பார்கள்.

திருப்பூர்: பனியன் கம்பெனியில் பிரிண்ட் டிசைன் பண்றேன். காமிக்ஸுக்கு டாட் டோன் (புள்ளி வெச்ச சாம்பல்) போட்டா அச்சுல கட்டங்கட்டமாத் தெரியுது.

நீங்கள் பாதிக் கிணறு தாண்டியவர். செபரேஷன், ஸ்பாட் கலர், பதிவுக்குறி எல்லாம் தெரியும். அந்தக் கட்டம் வரக் காரணம், டாட் போட்ட பிறகு படத்தைச் சுருக்கியிருக்கிறீங்க. கடைசி அளவுக்குக் கொண்டுவந்த பிறகே டோன் போடணும், அதுவும் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) கோப்பில். டி-ஷர்ட்டுக்குப் போடுகிற 45, 55 எல்பிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி வரிசை) புத்தகத்தில் கரடுமுரடாகத் தெரியும். நியூஸ்பிரின்ட்டுக்கு 85, மேப்லித்தோ தாளுக்கு 120 வரை போகலாம். சாம்பலை 10 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் புள்ளி காணாமல் போகும், 80க்கு மேல் வைத்தால் அடைத்துக்கொள்ளும். கருப்போடு ஒரே ஒரு ஸ்பாட் கலர் (தனியாகக் கலந்த ஒரு மை) சேர்த்து ஒரு எட்டுப் பக்கக் கதை முயன்று பாருங்களேன், உங்கள் கைக்கு அது சுலபம்.

பொள்ளாச்சி: பையன் ஒன்பதாவது. நாள் முழுக்க ஜப்பான் கார்ட்டூன் முகமா வரையறான். தடுக்கட்டுமுங்களா?

தடுக்க வேண்டாம், அம்மிணி. முகத்தோடு கையையும் சேர்த்து வரையச் சொல்லுங்க, அதே ஆளைப் பின்னாலிருந்தும் வரையச் சொல்லுங்க. முகம் மட்டும் வரைகிறவர்கள் தவிர்ப்பது இந்த இரண்டைத்தான்.

அவிநாசி: 200 பக்கக் கதை மனசுல இருக்குது. மூணாவது பக்கத்தைத் தாண்ட மாட்டேங்குது.

அதை எழுதி வைத்துவிட்டு, அதில் வருகிற ஒரு ஆளை எடுத்து நான்கு பக்கத்தில் முடிகிற கதை பண்ணுங்க, தம்பி. ஒரு இடம், இரண்டு ஆள், பக்கத்துக்கு ஐந்து கட்டம். நான்கு பக்கத்துக்கும் ரஃப், பிறகு நான்குக்கும் பென்சில், பிறகு நான்குக்கும் இங்க். ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் முதல் பக்கத்தில் இருந்த மூக்கு நான்காம் பக்கத்தில் இருக்காது.

ஈரோடு: புத்தகத் திருவிழாவுக்கு 100 காப்பி போடலாம்னு இருக்கோம். பிரஸ்ல என்ன கேட்பாங்க?

நூறு என்றால் டிஜிட்டல் அச்சு. ஆஃப்செட்டில் பிளேட் செலவு பத்துக்கும் ஒன்றுதான், ஆயிரத்துக்கும் ஒன்றுதான், குறைந்த காப்பிக்குக் கட்டாது. நடுவில் பின் அடிக்கிற புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். கதை 22 பக்கம் என்றால் 24 ஆக்குங்க, அட்டை நான்கு தனி. படம் தாள் விளிம்பு வரை போனால் நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக வரைந்து கொடுக்கணும், வெட்டும்போது அதுதான் போகும். வசனத்தை விளிம்பில் இருந்து 8 மி.மீ. உள்ளே வையுங்க, பின் அடிக்கிற பக்கம் இன்னும் தள்ளி. கோட்டுக் கருப்பு 100 சதவீதம் கருப்பு மட்டும். நான்கு நிறமும் கலந்த கருப்பாக இருந்தால் கொஞ்சம் விலகினாலும் எழுத்தோரம் சிவப்பும் நீலமும் எட்டிப்பார்க்கும். பக்கங்களை 1, 2, 3 என்று தனித்தனியாகவே கொடுங்க, ஜோடி சேர்ப்பது அவர்கள் வேலை. ஒரு காப்பி மடித்து, பின் அடித்து, கையில் வாங்கிப் பார்த்த பிறகே மீதிக்குச் சம்மதம் சொல்லுங்க.

உடுமலை: ஸ்கேனர் இல்லை. போனில் போட்டோ எடுத்தா போதுமுங்களா?

இணையத்தில் போட மட்டும் என்றால் போதும். போனைத் தாளுக்கு மிக அருகில் கொண்டுபோனால் ஓரக் கட்டங்கள் வளையும். சற்றுத் தள்ளி நின்று 2x ஜூமில், நிழலான பகல் வெளிச்சத்தில், தாளுக்கு நேராகப் பிடிங்க. அச்சுக்கு என்றால் ஜெராக்ஸ் கடை ஸ்கேனரே நல்லது. கலரில், 600 டிபிஐ, டிஃப் அல்லது பிஎன்ஜி என்று கேட்டு வாங்குங்க. பென்சில் வேலையை வெளிர்நீலப் பென்சிலில் செய்திருந்தால் நீலச் சேனலை மட்டும் எடுத்தாலே பென்சில் கோடு மறைந்து இங்க் மட்டும் நிற்கும், ரப்பருக்கே வேலை இருக்காது. கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றால் டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்க. போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், 600 டிபிஐ கேட்டு வாங்கியதே வீண்.