முதியோர் வார்டு என்றாலே சலிப்பு: நர்சிங் மாணவிக்கு ஒரு பதில்

கேள்வி: சென்னையில் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதியோர் வார்டில் போஸ்டிங் என்றாலே சலிப்பாக இருக்கிறது; சொன்னதையே சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு இரக்கம் குறைவா?

பதில்: அப்படிக் கொள்ள வேண்டியதில்லை. முதியோர் குறித்த மனப்பான்மையை அளக்க உளவியலாளர் நேதன் கோகன் 1961-இல் வகுத்த, 34 கூற்றுகள் கொண்ட அளவுகோல் இன்றும் நர்சிங் ஆய்வுகளில் பயன்படுகிறது. இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் மாணவியர் முதியோர்மீது ஓரளவு நல்லெண்ணமே காட்டுகிறார்கள். ஆனால் எங்கே வேலை பார்க்க விருப்பம் என்று கேட்டால், முதியோர் பிரிவு பெரும்பாலும் கடைசிக்குப் போய்விடுகிறது.

என் கணிப்பில், குறை மனத்தில் இல்லை, கற்பிக்கும் முறையில்தான். டயப்பர் மாற்றவும் ஸ்பாஞ்ச் பாத் கொடுக்கவும் உங்களை அனுப்புகிறார்கள். அங்கே எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவதில்லை. உடம்பு துடைக்கும்போது வால் எலும்புப் பகுதியிலும் குதிகாலிலும் சிவப்பு தெரிந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் வெளுக்காவிட்டால் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. நேற்று தெளிவாகப் பேசிய அம்மா இன்று மந்தமாகக் கிடந்தாலோ, வார்டைப் பேருந்து நிலையம் என்று நினைத்துப் பேசினாலோ, ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீரிழப்பு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். முதுமையில் தொற்று இருந்தும் காய்ச்சல் தெரியாமல் போவதுண்டு. உடனிருப்பவரிடம் “எப்போதிலிருந்து இப்படி?” என்று கேட்டு, அந்த ஷிப்டிலேயே ஸ்டாஃப் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால், முதலில் காதுக் கருவி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். கத்த வேண்டாம், முகம் தெரியும்படி வெளிச்சத்தில் நின்று நிதானமாகப் பேசுங்கள். எல்லோரையும் ‘தாத்தா’, ‘பாட்டி’ என்று அழைப்பதும் சரிவராது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு ‘சார்’ என்பதே உவப்பாக இருக்கலாம், எனவே முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது.

நடமாட முடியாதவரைத் தனியாகத் தூக்க முயலாதீர்கள். முதுகுவலி வந்த பிறகு எந்த வார்டும் பிடிக்காது.

இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்குச் சென்னையே முன்னோடி: இங்குள்ள அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கப்பட்டது. கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இத்தகைய இடத்தில் போஸ்டிங் கிடைக்குமா என்று உங்கள் டியூட்டரிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால், தினம் ஒரு வேலை என்றில்லாமல் ஒரே நோயாளியை ஒரு வாரம் முழுக்கப் பொறுப்பாகப் பார்க்க அனுமதி வாங்குங்கள்.