ஐஸ் பெட்டிக்குள்ள தாத்தாவுக்குக் குளிராதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாமனார் மாரடைப்பில் இறந்து 20 நாளாகிறது. 5 வயது மகனிடம் 'தாத்தா தூங்குறார்' என்று சொல்லிவிட்டோம். இப்போது அவன் தூங்கவே மறுக்கிறான். நடுராத்திரியில் அவன் அப்பாவைத் தட்டி எழுப்புகிறான். 'ஐஸ் பெட்டிக்குள்ள தாத்தாவுக்குக் குளிரலையா?' என்று ஓயாமல் கேட்கிறான். இனிமேல் உண்மையைச் சொல்லலாமா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

சொல்லலாம், இன்றைக்கே. தூங்கினால் தாத்தா மாதிரி ஆகிவிடுவோம் என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் சரியான கணக்குதான். 'சாமிகிட்ட போயிட்டார்' என்றால் எப்போது வருவார் என்பான். 'தவறிட்டார்' இன்னும் மோசம்: எங்கே தவறி விழுந்தார், என்ன தப்பு செய்தார் என்று தோன்றும். 'செத்துப்போயிட்டார்' என்றே சொல்லுங்கள். நாக்கு கூசினால் 'இறந்துட்டார்'.

முதலில் பழையதைத் திருத்துங்கள். 'தூங்குறார்னு நாங்க சொன்னது தப்பு. தூங்கும்போது மூச்சு ஓடும், நெஞ்சு துடிக்கும்.' அவன் கையை எடுத்து அப்பா நெஞ்சில் வைத்துக் காட்டுங்கள். 'தாத்தாவுக்கு இது நின்னுபோச்சு. டாக்டராலயும் திரும்ப ஓட வைக்க முடியலை. இனி வரமாட்டார்.' இரண்டு நிமிஷம் போதும்.

உடம்பு நின்றுபோனது புரிந்தால்தான் குளிர் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்: குளிர், வலி, பசி எதுவும் தாத்தாவுக்கு இனி தெரியாது, உடம்பு கெட்டுப்போகாமல் இருக்கத்தான் பெட்டி. இதற்கு முன்பே தகனத்தைப் பற்றிச் சொன்னால் 'சுடுமே' என்று அலறுவான். படையலை யார் சாப்பிடுவார் என்று கேட்டால், 'அவரை நெனச்சு நாம வைக்கிறோம்' என்றால் போதும். சொர்க்கத்தில் நம்பிக்கை இருந்தால் அதைப் பிறகு சொல்லிக்கொள்ளுங்கள்.

நாளையும் இதையே கேட்பான். ஹங்கேரிய உளவியலாளர் மரியா நாகி 1948இல் வெளியிட்ட ஆய்விலேயே, 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் சாவைத் தூக்கமாகவும் பயணமாகவும் எண்ணுவது பதிவாகியிருக்கிறது. சொற்களை மாற்றாமல் அதே பதிலைச் சொல்லுங்கள்.

அவன் வாய்விட்டுக் கேட்காத ஒன்றும் இருக்கலாம்: 'நான் கத்தினதாலயா?' நீ சொன்னது, செஞ்சது, நெனச்சது எதாலயும் இல்லை என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். 'நீயும் செத்துப்போவியாம்மா?' என்றால் 'மாட்டேன்' என்று சத்தியம் செய்ய வேண்டாம். 'ரொம்ப நாள் இருப்பேன்னுதான் நெனைக்கிறேன்' என்று சொல்லி, அவனைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி, சித்தி என யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் சொல்லுங்கள்.

அழுத கையோடு விளையாட ஓடுவான்; இந்த வயதில் அது இயல்பு. சில வாரம் படுக்கையை நனைக்கலாம். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டாலோ, 'நானும் தாத்தாகிட்ட போறேன்' என்று விடாமல் சொன்னாலோ, குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்று ராத்திரியும் அப்பாவைத் தட்டினால் அதட்ட வேண்டாம். நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் படுக்கட்டும்.