எக்ஸோடஸும் யாத்திராகமமும்

கேள்வி: ராயபுரம் கோயிலில் ‘விடுதலைப் பயணம்’ என்று வாசிக்கிறார்கள். தண்டையார்பேட்டையில் என் சித்தி வீட்டிலுள்ள பழைய வேதாகமத்தில் அதே நூல் ‘யாத்திராகமம்’. ஆங்கிலத்திலோ ‘எக்ஸோடஸ்’. ஒரு நூலுக்கு ஏன் இத்தனை பெயர்கள்?
— வாசகி, ராயபுரம்

பதில்: எபிரேயத்தில் விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களை அவற்றின் தொடக்கச் சொற்களாலேயே அழைத்தார்கள், பொருளைச் சொல்லும் தலைப்புகளை இட்டது கிரேக்க மொழிபெயர்ப்பு. ‘எக்ஸோடோஸ்’ என்றால் வெளியேறுதல்; இஸ்ரயேலர் எகிப்தைவிட்டு வெளியேறிய கதையைச் சொல்வது இந்நூல். இலத்தீன் விவிலியம் இப்பெயரைச் சற்றே மாற்றி ‘எக்ஸோடஸ்’ என ஏற்றுக்கொண்டது. ஐந்நூல்களுள் ‘நூமெரி’ ஒன்றை மட்டுமே, அதாவது நம் எண்ணாகமத்தை, தன் சொல்லால் மொழிபெயர்த்தது. மக்கள் கூட்டமாக ஊரைவிட்டு வெளியேறுவதை ஆங்கிலத்தில் எக்ஸோடஸ் என்பது இந்நூலின் தாக்கமே.

இதைவிடச் சுவையானது விவிலியத்தின் கடைசி நூலின் கிரேக்கப் பெயரான ‘அபோகலிப்சிஸ்’. மூடியிருப்பதைத் திறந்து காட்டுதல் என்பதே அதன் பொருள். ஆனால் அந்நூலில் வரும் அழிவுக் காட்சிகள் சொல்லின் மீதே படிந்துவிட்டதால், இன்று ஆங்கிலத்தில் அபோகலிப்ஸ் என்றாலே உலகப் பேரழிவுதான் நினைவுக்கு வருகிறது. ‘வெளிப்படுத்தின விசேஷம்’ என்றும் ‘திருவெளிப்பாடு’ என்றும் பெயரிட்ட தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள், என் பார்வையில், மூலப்பொருளுக்கு ஆங்கிலத்தைவிட நேர்மையாக இருந்திருக்கிறார்கள்.

இறைவாக்கினர் எரேமியாவின் பெயரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த ‘ஜெரிமையட்’ நீண்ட புலம்பலைக் குறிக்கும். ‘பிப்லியா’ கிரேக்கத்தில் ‘நூல்கள்’ என்னும் பன்மை. இடைக்கால இலத்தீனில் அது ஒருமையாகிவிட்டது. நம் ‘விவிலியம்’ அச்சொல்லின் தமிழ் வடிவமே.

சித்தி வீட்டு ‘யாத்திராகமம்’ வடமொழிச் சொற்களால் அமைந்தது. ‘விடுதலைப் பயணம்’ கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து செய்து 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு இந்நூலுக்கு இட்ட பெயர். நூல் ஒன்றுதான்.