காது சொல்லும் பொய்

கேள்வி: என் மகன் விமானி பயிற்சியில் இருக்கிறான். 2021 குன்னூர் ஹெலிகாப்டர் விபத்துக்கு விமானியின் திசைத் தடுமாற்றமும் ஒரு காரணம் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அத்தனை அனுபவம் உள்ளவருக்கு மேலே எது, கீழே எது என்று தெரியாமல் போகுமா?
– ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: போகும் அம்மா. விமானப்படையில் இன்ஸ்ட்ருமென்ட் ஃபிட்டராக இருபது வருஷம் வேலை பார்த்தவன் நான். விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று விமானிக்குக் காட்டும் செயற்கைத் தொடுவானக் கருவியைக் கழற்றிச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு டம்ளர் தண்ணீரில் துளசி இலையை மிதக்கவிட்டு, டம்ளரை மட்டும் சட்டென்று திருப்பிப் பாருங்கள். டம்ளர் திரும்பும், இலை இருந்த இடத்திலேயே நிற்கும். நம் உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் நீரும் இப்படித்தான், தலை திரும்பும்போது பின்தங்கும். அந்தப் பின்தங்கலை வைத்துத்தான் மூளை ‘திரும்புகிறோம்’ என்று தெரிந்துகொள்கிறது. ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே இருந்தால் நீரும் கூடவே சுற்ற ஆரம்பித்துவிடும். அப்புறம் காதுக்கு ஒன்றும் தெரியாது.

போன மாதம் என் பேரனைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணைக் கட்டினேன். எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கம் கட்டைவிரலைக் காட்டச் சொல்லிவிட்டு, வலப்பக்கமாக ஒரே வேகத்தில் சுற்றினேன். இருபது நொடி போயிருக்கும். விரலை மடக்கிக்கொண்டு, “ஏன் தாத்தா நிறுத்திட்டீங்க?” என்றான். நான் நிறுத்தவே இல்லை. நிஜமாகவே நிறுத்தியதும் கட்டைவிரல் இடப்பக்கம் போனது. “இப்ப எதிர்ப்பக்கம் சுத்துறீங்க” என்று சாதித்தான். கட்டை அவிழ்த்த பிறகுதான் வாயடைத்துப் போனான்.

மேகத்துக்குள் போன விமானிக்கும் கண் கட்டியது மாதிரிதான். விமானம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தால் காதுக்குத் தெரியாது. அவர் அதை நிமிர்த்தினால், எதிர்ப்பக்கம் சாய்வதாகக் காது சொல்லும். அதை நம்பினால் பழைய சாய்வுக்கே திரும்பிவிடுவார். மூக்கு இறங்கும், வேகம் கூடும். உயரம் குறைகிறதே என்று அவர் கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னால் இழுத்தால், சுழல் இன்னும் இறுகும்.

சாய்ந்திருப்பது உடம்புக்காவது தெரியாதா என்று கேட்பீர்கள். கிணற்றடியில் வாளித் தண்ணீரைத் தலைக்கு மேலே சுற்றியிருப்பீர்கள், ஒரு சொட்டும் சிந்தாது. திருப்பத்தில் இருக்கும் விமானியும் அந்த வாளித் தண்ணீர் போலத்தான். உடம்பு இருக்கையோடு நேராக அழுந்துவதால், நேராகப் போவதாகவே தோன்றும்.

1954-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். கருவியைப் பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேருக்கு வெளிக்காட்சியை மறைத்துப் பறக்கவிட்டார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு எடுத்த நேரம் சராசரியாக 178 நொடி, மூன்று நிமிஷம்கூட இல்லை. 1999 ஜூலையில் ஜான் எஃப். கென்னடியின் மகன் புகைமூட்டமான இரவில், தன் விமானத்தோடு கடலில் விழுந்ததும் இப்படித்தான்.

குன்னூர் விஷயத்தில், வானிலை எதிர்பாராமல் மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததும் விமானிக்குத் தடுமாற்றம் ஏற்பட்டதாக 2022 ஜனவரியில் விமானப்படை தெரிவித்தது. சூலூரிலிருந்து வெலிங்டன் போகிற வழியில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 உயிர்கள். அந்தச் செய்தி வந்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. சமவெளிக்கு மேலே உயரத்தில் என்றால் சுதாரிக்கக் கொஞ்சம் இடமிருக்கும். மலைக்கு நடுவே அது இல்லை. இதை விமானியின் திறமைக் குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். காது எல்லாருக்கும் ஒன்றுதான்.

உங்கள் மகனுக்கும் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள், பயப்படாதீர்கள். ஆனால் போன் பேசும்போது ஒன்று கேளுங்கள்: “முன்னால மேகம் வந்தா திரும்பிடுவியாப்பா?” திரும்பி வந்ததற்காக யாராவது அவனைக் கேலி செய்தால், நீங்கள் அவன் பக்கம் நில்லுங்கள்.

கேள்வி: கருவியே பொய் சொன்னால் என்ன செய்வார்கள்?
– கல்லூரி மாணவர், மேலூர்

பதில்: நடந்திருக்கிறது தம்பி. 1978 ஜனவரி 1, இரவு. பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் ‘எம்பரர் அசோகா’ போயிங் 747. வலப்பக்கம் திரும்பி நிமிர்ந்த பிறகும், கேப்டனின் தொடுவானக் கருவி வலப்பக்கச் சாய்வையே காட்டியது. எதிரே இருட்டுக் கடல், வெளியே பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு விளக்கு இல்லை. அவர் இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார். தரையை விட்டு இரண்டு நிமிஷத்துக்குள் பாந்த்ராவுக்கு அப்பால் கடலில் விழுந்தது. 213 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அந்த விமானத்தில் துணை விமானிக்குத் தனிக் கருவி இருந்தது, நடுவில் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. ஒன்று முரண்டினால் மற்ற இரண்டையும் பார்த்து, எது தனியாக நிற்கிறதோ அதை ஒதுக்க வேண்டும். ஆனால் அதற்குக் கிடைப்பது சில நொடிதான்.

பட்டறை பெஞ்சில் மின்சாரம் கொடுத்ததும் கருவிக்குள் ஜைரோ என்கிற சுழல் சக்கரம் மெல்ல ஊளையிட்டு வேகமெடுக்கும். சாய்வு மேசையில் வைத்து இடமும் வலமும் சாய்த்து, அளவு சரியாக வருகிறதா என்று பார்ப்போம். ஊளையில் சின்னப் பிசிறு கேட்டால்கூட நான் கையெழுத்துப் போடாமல், மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டுப் பார்ப்பேன்.